புதுப்பிப்பு: ஓடும்போது கீழ்க்காலின் முன்பக்கம் இறுகி வலித்தது, காரணம் தெரிந்தது

ஓடினால் முழங்காலுக்குக் கீழே கல்லாக இறுகி, பாதம் மரத்து, நின்றால் சரியாகிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எதிலும் ஒன்றுமில்லை. ‘தசைக்குள் அழுத்தம் அளக்கச் சொல்லுங்க’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. டிரெட்மில்லில் வலி வரும்வரை ஓடவிட்டு, உடனே ஊசி செருகி அளந்தார்கள். ஓடி நின்ற 1 நிமிடத்தில் 30 மிமீ பாதரசம், 5 நிமிடத்தில் 20 என்பது வரம்பு. எனக்கு இரண்டுமே தாண்டியிருந்தது. ஓடும்போது தசை பருக்கிறது, சுற்றியுள்ள உறை இளகிக் கொடுப்பதில்லை, அதனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதைத்தான் ‘கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்’ என்கிறார்கள்.

அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும் முன், குதிகாலுக்குப் பதில் முன்பாதம் ஊன்றி, சிறு எட்டுகளாக ஓடிப் பார்க்கச் சொன்னார் பிசியோ. வலி நன்றாகவே குறைந்துவிட்டது. எதிர்பாராதது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தூரத்தை மெல்லக் கூட்டியதும் அடங்கியது.

அப்புறம், என்னுடையது நின்றால் அடங்கும் வகை. அடிபட்டபின் கால் இறுகி, ஓய்விலும் வலி ஏறினால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.