கோவில் வரி நோட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தணும், கரண்ட் தங்காத ஊர்ல என்ன டூல் வச்சு வேலை பாக்குறீங்க?

யாங்கோன் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல இருந்து எழுதுறேன், வெப் வேலை, பெரும்பாலும் ரியாக்ட், நோட், கொஞ்சம் பைத்தான், கிளையண்ட் பாதி சிங்கப்பூர் பாதி பாங்காக். லேப்டாப் பழசு, எட்டு ஜிபி ராம்தான். கரண்ட் நெலமை உங்களுக்கே தெரியும், இத்தன மணி நேரம் இருக்கும் இத்தன மணி நேரம் இருக்காதுன்னு ஒரு லிஸ்ட் வரும் ஆனா அந்த லிஸ்ட் படி வரவே வராது, ராத்திரி ஒரு மணிக்கு தெருவுல "மீ லா பீ" (கரண்ட் வந்துருச்சு)ன்னு பிள்ளைங்க கத்துனா எந்திரிச்சு தண்ணி மோட்டார போட்டுட்டு, அரிசிய குக்கர்ல வச்சுட்டு, லேப்டாப்ப சொருகிட்டு வேலைய ஆரம்பிக்குற ஆளு நான். கரண்ட் போனா நெட்டும் கூடவே போயிருது.

ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, என்ன எடிட்டர் வச்சிருக்கீங்க? விஎஸ் கோட் தெறந்தா ஃபேன் கத்துது, பேட்டரி கண்ணு முன்னாடி எறங்குது. விம்முங்கற லேசான எடிட்டருக்கு மாறுன்னு ஃப்ரெண்டு சொல்றான். ஏஐ டூலுக்கு மாசக் காசு கட்டலாமா, நெட் இல்லாதப்ப அது எதுக்கு ஒதவும்?

ரெண்டாவது, எங்க ஏரியா கோவில் கமிட்டியில "கம்ப்யூட்டர் படிச்ச பையன்தானே, தலைக்கட்டு வரி, திருவிழா நன்கொடை, அன்னதான லிஸ்ட் எல்லாத்தையும் ஒரு ப்ரோக்ராமா பண்ணிக் குடு"ன்னு கேக்குறாங்க. கையில இருக்கறது கைநோட்டு ஒரு அடுக்கு, அப்பறம் ஒரு பென் டிரைவ் நெறைய எக்செல். தொறந்து பாத்தா சிலதுல தமிழ் பழைய ஃபாண்ட்ல இருக்கு, சிலதுல பர்மிய எழுத்துல பேரு, தொகை வேற பர்மிய நம்பர்ல. நான் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), ரியாக்ட், டாக்கர் (ப்ரோக்ராம தனிப் பெட்டியில வச்சு ஓட்டறது)னு யோசிச்சு வச்சிருக்கேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

நாப்பதாந்தெரு அண்ணன்:

தம்பி, மொதல்ல அந்த டாக்கர தூக்கிப் போடு. எட்டு ஜிபி மெஷின்ல டாக்கர், போஸ்ட்கிரெஸ், பிரவுசர், எடிட்டர் நாலும் ஓடுனா உன் பேட்டரி அரிசி வேகற வரைக்கும் கூட தாங்காது.

எடிட்டர் சண்டைக்குள்ள நான் வரல, வந்தா முடியாது. விம் நல்லாதான் இருக்கும், ஆனா உன் பிரச்சனை விஎஸ் கோட் இல்ல, அதுல நீ ஏத்தி வச்சிருக்கற எக்ஸ்டென்ஷன். அது எலக்ட்ரான்ல ஓடற சாமான், அதாவது உள்ளுக்குள்ள ஒரு பிரவுசரே இருக்கு, அதுக்கு மேல கிட் (கோட் மாத்தத்த பதிவு வைக்கற டூல்) ஹிஸ்டரி காட்டறது, கலர் கலரா பிராக்கெட் காட்டறது, தீம் நாலுன்னு ஏத்துனா எந்த மெஷினும் கத்தத்தான் செய்யும். ப்ரொஃபைல்னு ஒண்ணு இருக்கு, கரண்ட் இல்லாத நேரத்துக்குன்னு தனி ப்ரொஃபைல் ஒண்ணு போடு, அதுல ஒண்ணுமே இல்லாம வை. ஃபைல் வாட்ச்சர்ல (ஃபைல் மாறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கறது) நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர விலக்கு. ஆட்டோ சேவ் டெஸ்க்டாப்ல தானா ஆன்ல இருக்காது, நீதான் போட்டுக்கணும், போட்டா ஒரு செகண்டுல சேவ் ஆயிரும்.

நெட் இல்லாத நேரத்துக்கு நான் வச்சிருக்கறது: டாக்குமென்டேஷன் எல்லாம் ஸீல்ங்கற ஆஃப்லைன் ஆப்புல எறக்கி வச்சிருக்கேன், டெவ்டாக்ஸ் சைட் கூட ஆஃப்லைன்ல ஓடும். என்பிஎம்ல (நோட் பேக்கேஜ் எறக்கற டூல்) ப்ரிஃபர் ஆஃப்லைன்னு ஒரு ஃபிளாக் இருக்கு, ஒருதடவ எறக்குன பேக்கேஜ் கேஷ்ல இருந்தே வந்துரும். கிட்டுக்கு நெட்டே வேணாம், லோக்கல்ல கமிட் போட்டுக்கிட்டே போ, நெட் வந்தப்பறம் தள்ளு. 2005ல லினஸ் அத எழுதுனப்ப நம்ம ஊர் கரண்ட நெனச்சிருக்க மாட்டாரு, ஆனா நமக்குத்தான் அதிகமா ஒதவுது.

ஏஐ பத்தி. காசு கட்டறது தனி தலைவலி, கார்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும், அதப்பத்தியும் விபிஎன் பத்தியும் இங்க விரிவா பேச வேணாம். லோக்கல் மாடல் ஓட்டலாம், ஒல்லாமா (நம்ம மெஷின்லயே ஏஐ ஓட்டற டூல்) வச்சு ஏழு பில்லியன் சைஸ் மாடல நாலு பிட்டுக்கு சுருக்குனா நாலு ஜிபிக்கு மேல ராம் எடுக்கும், உன் மெஷின்ல ஓடும், ஆனா பேட்டரியில ஓட்டாத. கரண்ட் இருக்கறப்ப ஏஐ கிட்ட கேக்கறத கேட்டு முடி, இல்லாதப்ப சொந்தமா யோசி. கோட் அப்பதான் நல்லா வரும்ங்கறது என் கட்சி, சண்டைக்கு வரவங்க வரலாம்.

கோவிலுக்கு எஸ்கியூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ் போதும். ஒரே ஃபைல், சர்வர் கெடையாது, எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போனாலும் பாதி எழுதுனத தானே அழிச்சுட்டு பழைய நெலைக்குப் போயிரும். ஒண்ணு மட்டும் கவனம், வால் மோட் (மாத்தத்த மொதல்ல தனி ஃபைல்ல எழுதற முறை) போட்டிருந்தா பக்கத்துல இன்னொரு ஃபைல் இருக்கும், ப்ரோக்ராம் ஓடறப்ப மெயின் ஃபைல மட்டும் பென் டிரைவ்ல காப்பி பண்ணுனா கடைசியா ஏத்துன வரவு அதுல இல்லாம போகலாம். அதோட பேக்கப் கமாண்டையே யூஸ் பண்ணு.

---

மோல்மேன் அக்கா:

அண்ணன் சொன்னது சரி, ஆனா தம்பி, உன் வேலையில தொண்ணூறு பங்கு அந்த பென் டிரைவ்லதான் இருக்கு. ரியாக்டா வேற எதுவாங்கறது எல்லாம் ஒரு வாரத்துல முடியற கத.

பர்மிய எழுத்துல இருக்கற பேர மொதல்ல பாரு. அது ஸோஜியா (பழைய பர்மிய ஃபாண்ட் முறை) யூனிகோடா (எல்லா மொழிக்கும் பொதுவான முறை)ன்னு தெரியாம டேட்டாபேஸ்ல ஏத்தாத. நாடே 2019 அக்டோபர் 1 அன்னிக்கு யூனிகோடுக்கு மாறுச்சு, ஆனா கோவில் கம்ப்யூட்டர் எந்த தேதிக்கு மாறுச்சுன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டும் ஒரே கோட் பாயிண்ட் (எழுத்துக்குக் குடுத்த நம்பர்) பிளாக்குக்குள்ளதான் உக்காந்திருக்கு, அதான் தொல்லை. 'ஏ' சத்தக் குறி ஸோஜில எழுத்துக்கு முன்னாடி சேவ் ஆகும், கண்ணுக்குத் தெரியற மாதிரியே. யூனிகோட்ல பின்னாடி சேவ் ஆகும். ஸ்கிரீன்ல பாத்தா ரெண்டும் ஒண்ணு, தேடுனா மட்டும் கெடைக்காது.

கூகுளோட மியன்மார் டூல்ஸ் லைப்ரரி இருக்கு, ஒரு வரிய குடுத்தா ஸோஜியா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு பூஜ்யத்துல இருந்து ஒண்ணுக்குள்ள ஒரு நம்பர் தரும். ஆனா பேரு சின்னது. வெறும் மெய்யெழுத்து மட்டும் உள்ள பேர் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கும், அது என்னத்த சொல்லும்? அதனால செல் செல்லா முடிவு பண்ணாத, ஒரு ஷீட்டு முழுசையும் சேத்துக் குடுத்து முடிவு பண்ணு, ஒரு ஷீட்ட பொதுவா ஒரே ஆளு ஒரே கீபோர்டுல அடிச்சிருப்பாரு. மாத்தறதுக்கு ராபிட் கன்வெர்ட்டர் இருக்கு. ஏஐ கிட்ட கன்வெர்ட்டர் எழுதச் சொல்லாத, பாக்க அழகா ரீஜெக்ஸ் (தேடி மாத்தற வாய்பாடு) எழுதிக் குடுக்கும், அடுக்கு எழுத்து வர்ற பேர்ல பூராம் சொதப்பும், பர்மிய எழுத்து படிக்கற ஆள் பக்கத்துல இல்லன்னா உனக்கு அது தெரியவும் தெரியாது.

தொகை. பர்மிய நம்பர்ல அடிச்சத எக்செல் எழுத்தாத்தான் பாக்கும், கூட்டாது. பைத்தான்ல இன்ட் (நம்பரா மாத்தற கமாண்ட்) போட்டா பர்மிய இலக்கத்த அப்படியே எடுத்துக்கும், ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்காது, அதனால இம்போர்ட் வேலைய பைத்தான்லயே முடி. அதுலயும் ஒரு கூத்து இருக்கு, பர்மிய சைபரும் 'வ' எழுத்தும் ஒரே வட்டம், ஏழும் 'ர' எழுத்தும் (பர்மியத்துல 'ய'ன்னு சொல்றது) ஒரே ஜாடை, அவசரத்துல அடிக்கறவங்க எது கைக்கு வருதோ அத அடிச்சிருப்பாங்க. ஐயாயிரம் கியாட்டுல மூணு வட்டமும் எழுத்தா இருக்கறத நான் பாத்திருக்கேன். தொகை கட்டத்துல அந்த ரெண்டு எழுத்து வந்தா இலக்கமா மாத்திரு, ஆனா மாத்துன வரிய தனியா ஒரு லிஸ்ட் எடுத்து நோட்டோட ஒத்துப் பாரு, காசு விஷயம்.

இனி தமிழ். பழைய ஃபாண்ட்னா அனேகமா பாமினியா இருக்கும், ஃபாண்ட மாத்துனா இங்கிலீஷ் எழுத்து குப்பையா தெரியுதா பாரு. ஓப்பன் தமிழ்னு பைத்தான் லைப்ரரி, பாமினி, டிஸ்கி, டாப், டாம் எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தும். மாத்துனப்பறமும் பொன்னுசாமின்னு தேடுனா பாதி பொன்னுசாமி வர மாட்டாரு. 'ஒ' சத்தக் குறிய ஒரே குறியாவும் சேவ் பண்ணலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் சேவ் பண்ணலாம், என்எஃப்சி நார்மலைஸ் (எழுத்த ஒரே முறைக்குக் கொண்டு வர்றது) போட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். ஆனா கௌரிய பாரு, நெறைய பேரு கொம்பு போட்டு பக்கத்துல 'ள' எழுத்த அடிச்சு வச்சிருப்பாங்க, அத எந்த நார்மலைசேஷனும் காப்பாத்தாது, நீயே கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடணும்.

அகர வரிசைக்கு வெறும் சார்ட் (தானா வரிசைப்படுத்தற கமாண்ட்) போடாத, ஜானகி போயி சரோஜாவுக்கும் ஞானத்துக்கும் நடுவுல உக்காந்துக்குவா. ஜாவாஸ்கிரிப்ட் லோகேல் கம்பேர்ல தமிழ்னு குடுத்தா சரியா வரும்.

---

பெகு டு சிங்கை:

எதுக்குங்க இவ்வளவு? கூகுள் ஷீட்ல போட்டு கமிட்டி ஆளுங்களுக்கு ஷேர் பண்ணி விட்டா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிரும். வெளிநாட்டுல இருக்கறவங்களும் பாக்கலாம், நாங்களும் இங்கேருந்து நன்கொடை அனுப்பறோம்ல.

---

மோல்மேன் அக்கா:

உங்க ஊர்ல முடியும் தம்பி. இங்க ரசீது போடற நேரத்துல நெட் இருக்கணுமே. அதோட யாரு எவ்வளவு குடுத்தாங்க, எந்தத் தெருவுல இருக்காங்க, எந்த ஊர்லேருந்து பணம் வருதுன்னு ஒரு லிங்க்குல கெடந்தா அந்த லிங்க் எந்த வைபர் குரூப்புக்கெல்லாம் போகும்னு நான் சொல்ல வேணாம். யாங்கோன் தம்பி, இதே காரணத்துக்காக அடையாள அட்டை நம்பருக்குக் கட்டமே வைக்காத. கேட்டாலும் வைக்காத. வரி வாங்க எதுக்கு அட்டை நம்பர்?

---

கணக்கப்பிள்ளை மாமா:

நான் ப்ரோக்ராம்காரன் இல்ல, வேற ஒரு கோவில்ல நோட்டு எழுதறவன், மகன் இத காட்டுனான், அதான் எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

தம்பி, நீ பேருன்னு ஒரே கட்டம் போட்டேன்னா உன் ப்ரோக்ராம ரெண்டாம் மாசமே மூடி வச்சிருவாங்க. நம்ம ஆளுங்களுக்கு அட்டையில பர்மிய பேரு, கோவில்ல தமிழ்ப் பேரு, தெருவுல பட்டப்பேரு. அட்டையில ஊ லா மிண்ட்டுன்னு இருக்கறவர் நோட்டுல சுப்பையா, கேட்டா "யாரு, ஐஸ் கம்பெனி சுப்பையாவா, டோஷே (தோசை) கடை சுப்பையாவா"ன்னுதான் கேப்பாங்க. அவரு மகன் பேருல அப்பா பேரு சேராது, பர்மிய பேருக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையாது, அதனால யாரு யாரு வீட்டு ஆளுங்கறத பேர வச்சு கண்டுபிடிக்க முடியாது, நோட்டுல தலைக்கட்டு வச்சுத்தான் இருக்கும். கொழந்த கல்யாணமாயி தனிக்குடித்தனம் போனா புதுத் தலைக்கட்டு, அதுக்கு எடம் இருக்கா உன்கிட்ட?

அப்பறம் அந்த அம்மா அகர வரிசை பத்தி நல்லாத்தான் சொல்றாங்க, ஆனா திருவிழா போர்டுல பேரு எழுதறது அகர வரிசையில இல்ல. நோட்டுல எந்த வரிசையோ அந்த வரிசை, அது தாத்தா காலத்துல இருந்து வர்றது, மொத மண்டகப்படி யாருக்கு, ரெண்டாவது யாருக்குன்னு. நீ பட்டன அமுக்கி அத மாத்தி பிரிண்ட் எடுத்து ஒட்டுனேன்னு வச்சுக்க, தீமிதி அன்னிக்கு நெருப்பு குழியில இருக்காது, கமிட்டி ரூமுல இருக்கும்.

நன்கொடையில காசு மட்டும் இல்ல. ஒருத்தரு அரிசி மூட்டை குடுப்பாரு, ஒருத்தரு எண்ணெய் டின்னு, ஒரு அம்மா பூக்கட்டு. அத எல்லாம் கியாட்டா மாத்தி எழுதாத, வெலவாசி இருக்கற லட்சணத்துக்கு இன்னிக்கு எழுதுன தொகைய அடுத்த வருஷம் பாத்தா சிரிப்பாங்க. மூட்டைன்னா மூட்டைன்னே எழுது.

---

யாங்கோன் தம்பி:

மாமா, நீங்க சொன்னதுல பாதி எங்க கமிட்டி எங்கிட்ட சொல்லவே இல்ல, அவங்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா தோணல போல. பேருக்கு மூணு கட்டம், தலைக்கட்டுக்கு தனி டேபிள், நோட்டு வரிசைக்கு தனி நம்பர், பொருளுக்கு அளவும் அலகும் தனியா வச்சுக்கறேன். போஸ்ட்கிரெஸும் டாக்கரும் போச்சு. ரியாக்டும் போயிரும் போல இருக்கு, சாதா எச்டிஎம்எல் ஃபார்ம் போதும். அக்கா, ஷீட் ஷீட்டா செக் பண்ணி பாத்தேன், ஒரு ஃபைல்லயே மொத ரெண்டு ஷீட்டு ஸோஜி, மூணாவது யூனிகோட்.

இன்னும் ஒரு சந்தேகம், ரசீதுக்கு அந்த சின்ன தெர்மல் பிரிண்டர் வாங்கலாம்னு சொல்றாங்க, கேபிஸெட் பே (மொபைல்ல காசு கட்டற ஆப்) ஸ்கேன் பண்ற கடையில எல்லாம் இருக்குமே அந்த மாதிரி. தமிழ் வருமா?

---

நாப்பதாந்தெரு அண்ணன்:

நேரா அனுப்புனா வராது தம்பி, அதுக்குள்ள தமிழ் ஃபாண்டும் இருக்காது, பர்மிய ஃபாண்டும் இருக்காது, கட்டம் கட்டமாத்தான் வரும். ரசீத மொதல்ல ஒரு படமா வரைஞ்சு, அந்த படத்த அனுப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மியன்மார் ரெண்டும் ஃப்ரீ, ரெண்டையும் மெஷின்லயே போட்டு வை, நெட்ல இருந்து லோட் பண்ணாத.

தேதியையும் பாத்துக்க. யூடிசில (உலகப் பொது நேரம்) சேவ் பண்ணி அதுலேருந்தே தேதிய வெட்டி எடுத்தா, நம்ம நேரம் ஆறரை மணி முன்னாடி இருக்கறதால விடியக்கால பூசைக்கு வந்து குடுத்தவங்க காசெல்லாம் மொத நாள் கணக்குல விழும். வெள்ளிக்கெழம நேர்த்திக்கடன் வியாழக்கெழம ரசீதுல வந்தா எந்த அம்மாவும் சும்மா விட மாட்டாங்க.

---

கணக்கப்பிள்ளை மாமா:

ரசீதுல அம்மன் படம் சின்னதா போடு. தெர்மல் பேப்பர் நாள்பட்டா அழிஞ்சு போகும்ங்கறான் என் மகன், அதனால கோவில் பிரதிய நோட்டுலயும் கையால எழுதிக்கிட்டே இருக்கச் சொல்லு. தலைவர் பேர மட்டும் ப்ரோக்ராமுக்குள்ள எழுதி வச்சிராத, மாத்தற மாதிரி வெளிய வை. கமிட்டி எலெக்சன் வருது.