வளரும் வெண்பன்றிக்கு என்சைம் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாலக்கோடு பண்ணை:
கேட்கிற நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கம் வெண் யார்க்‌ஷயர் வளர்க்கிறேன். ஆறு தாய்ப்பன்றிகள். குட்டிகளை விற்காமல் நானே வளர்த்து எடைக்குக் கொடுப்பேன். தீவனம் சொந்தமாக அரைப்பதுதான்: மக்காச்சோளம், அரிசித் தவிடு, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் சோயா, தாது உப்பு, டிசிபி (பாஸ்பரஸும் கால்சியமும் தரும் டைகால்சியம் பாஸ்பேட் தூள்). தவிடு மலிவாகக் கிடைக்கும் என்பதால் அதன் பங்கு எப்போதும் அதிகம்.

போன வருடம் ஒரு கடையில் ஃபைட்டேஸ் என்ற என்சைம் (தீவனம் செரிக்க உதவும் பொருள்) பொட்டலத்தைக் கொடுத்து, "இதைப் போட்டால் டிசிபியே வேண்டாம்" என்றார்கள். நம்பி டிசிபியை அடியோடு நிறுத்தினேன். எங்கள் வீட்டில் தவிட்டையும் சோள மாவையும் அண்டாவில் கஞ்சியாகக் காய்ச்சித்தான் தொட்டியில் ஊற்றுவோம், அப்பா காலத்துப் பழக்கம். அந்தப் பொடியையும் கொதிக்கிற கஞ்சியில்தான் கொட்டிக் கிளறினேன்.

ஐந்தாவது வாரம், 30 கிலோ அளவில் இருந்த கிடாக்குட்டி ஒன்று தீவனத்துக்கு எழுந்து வரவில்லை. நாய் உட்காருவது போலப் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளில் இன்னும் இரண்டு நொண்ட ஆரம்பித்தன. தரை வழுக்கியிருக்கும் என்று நினைத்து வைக்கோல் பரப்பினேன். கால்நடை மருத்துவர் வந்து தீவனத்தை ஒவ்வொன்றாக விசாரித்தார். டிசிபியை நிறுத்தியதையும் பொடியைக் கொதியில் போட்டதையும் சொன்னதும் காரணம் தெரிந்துவிட்டது. எலும்புக்குப் பாஸ்பரஸ் போதவில்லை.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, அரிசித் தவிட்டில் அதைவிட அதிகம். மாட்டுக்கு இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். பன்றிக்கு அந்த வசதி இல்லை. அதனால் அந்தப் பாஸ்பரஸ் சாணத்தோடு வெளியே போய்விடுகிறது. ஃபைட்டேஸ் செய்வது அந்தக் கட்டை அவிழ்க்கிற வேலையைத்தான், அதுவும் பன்றியின் வயிற்றுப் புளிப்பில் வைத்து. ஆனால் என்சைம் ஒரு புரதம். கொதிக்க வைத்தால் முட்டை வெந்து போகிற மாதிரி வெந்துவிடும். நான் ஐந்து வாரம் ஊற்றியது வெந்த பொடி, டிசிபியும் கிடையாது. நொண்டிய மூன்று குட்டிகளில் இரண்டு தேறின, ஒன்று தேறவில்லை. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

இப்போது கஞ்சி கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் பொடி போடுகிறேன். டிசிபியை இந்த முறை நிறுத்தவில்லை, குறைத்தேன், அவ்வளவுதான்.

ஓசூர் சண்முகா:
அண்ணா, நான் கோழித் தீவன ஆலையில் கலவைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாக இருபது பன்றி வைத்திருக்கிறேன். கோழிக்காரர்களுக்கு ஃபைட்டேஸ் பழைய சங்கதி. 1991-ல் நெதர்லாந்தில் சந்தைக்கு வந்தபோது அங்கே கவலை பன்றிச் சாணம்தான். வயலில் பாஸ்பரஸ் சேர்ந்து நீர்நிலைக்குப் போகிறது என்று அரசே கட்டுப்பாடு வைத்திருந்தது.

அளவு பற்றி ஒன்று சொல்கிறேன். பொதுவாகக் கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் (என்சைமின் வீரிய அளவு) போடுவார்கள். பொட்டலத்தில் கிராமுக்கு 5000 யூனிட் என்று இருந்தால் டன்னுக்கு 100 கிராம் போதும். அந்த 100 கிராமை நேராக டன் தீவனத்தில் தூவினால் எங்கேயோ ஒரு மூலையில் தங்கிவிடும். முதலில் 1 கிலோ நைஸ் சோள மாவில் கலக்கணும், அப்புறம் அதை 10 கிலோவில், அப்புறம் மொத்தத்தில். ஆலையிலேயே இப்படித்தான் செய்வோம். கையால் கலக்குகிறவர்கள் இதை விடவே கூடாது.

குருணைத் தீவனம் வாங்குபவர்கள் அது எத்தனை டிகிரியில் அழுத்தப்பட்டது என்று கேளுங்கள். 80 டிகிரிக்கு மேல் போனால் மேல்பூச்சு இல்லாத என்சைம் பெரும்பாலும் தாங்காது.

அரூர் விவசாயி:
எனக்கு வந்த பிரச்சினை சுண்ணாம்பு. ஃபைட்டேஸ் போட்டுவிட்டு, எலும்பு இன்னும் உறுதியாகட்டும் என்று சுண்ணாம்புக்கல் தூளையும் கைநிறைய அள்ளிப் போட்டேன். கால்சியம் மிஞ்சினால் ஃபைட்டேட்டோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும், என்சைமால் அதைப் பிரிக்க முடியாது. வயிற்றுப் புளிப்பும் குறைகிறது. குட்டிகள் மந்தமாகவே இருந்தன. சுண்ணாம்பைக் குறைத்த பிறகுதான் தீவனத்துக்கு ஆர்வமாக வந்தன.

பென்னாகரம் தேன்மொழி:
நாங்கள் மரவள்ளிக்காரர்கள். ஜவ்வரிசி ஆலையிலிருந்து திப்பி (மரவள்ளிச் சக்கை) கிடைக்கும், காய வைத்துப் பன்றிக்குப் போடுவோம். நாரைச் செரிக்க உதவும் சைலனேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்குப் புரோட்டியேஸ் எல்லாம் சேர்ந்த கலவை என்று ஒரு பாக்கெட் வாங்கி இரண்டு மாதம் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் புரிந்தது, மரவள்ளியில் புரதமே மிகக் குறைவு. இல்லாத புரதத்தை எந்த என்சைமும் உண்டாக்க முடியாது. திப்பியின் பங்கைக் குறைத்து சோயாப் புண்ணாக்கை ஏற்றினேன், நாலு வாரத்தில் முதுகு நிரம்ப ஆரம்பித்தது. அந்தப் பாக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் புண்ணாக்கு வாங்கியிருந்தால் அந்த இரண்டு மாதமும் மிஞ்சியிருக்கும்.

காவேரிப்பட்டணம் குமார்:
தேன்மொழி அக்கா சொன்னது சரி, ஆனால் சைலனேஸை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அது வேலை செய்வது தவிட்டு நாரில், அதிலும் கோதுமைத் தவிட்டில். நான் ஒரு கொட்டிலில் தவிடு மிகுந்த தீவனத்துக்கும், இன்னொன்றில் சோளமும் சோயாவும் மட்டும் உள்ள தீவனத்துக்கும் ஒரே பொடியைப் போட்டுப் பார்த்தேன். தவிட்டுக் கொட்டிலில் எடை கொஞ்சம் கூடியது. மற்றதில் நான் வித்தியாசம் காணவில்லை. இது என் இருபது பன்றியில் கண்டது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எடைக்கருவி இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். டேப்தான். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடக்கம் வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 400-ஆல் வகுத்தால் பவுண்டு வரும். 2.2-ஆல் வகுத்தால் கிலோ. பன்றி தலையைத் தூக்கினால் கணக்கு மாறும், அதனால் தின்னும்போது அளக்கணும். எடை பார்க்காமல் என்சைம் போடுவதும் போடாததும் ஒன்றுதான், பலன் கிடைத்ததா என்றே தெரியாது.

மத்தூர் புதியவர்:
அண்ணா, பொட்டலத்தை எங்கே வைப்பது? எங்கள் தீவன அறைக்குத் தகரக் கூரை, சித்திரை வைகாசியில் உள்ளே நிற்க முடியாது. தாது உப்போடு கலந்தே வைத்துவிடலாமா?

பாலக்கோடு பண்ணை:
வேண்டாம் தம்பி. சூடும் ஈரமும் பட்டால் மெல்ல மெல்ல வீரியம் போய்விடும். தாது உப்போடு கலந்து நாள்கணக்கில் வைத்தால் இன்னும் வேகமாகப் போகும். நான் பொட்டலத்தை வாய் இறுகக் கட்டி வீட்டு நெல் குதிருக்குப் பக்கத்தில், குளுமையான மூலையில் வைக்கிறேன். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கலக்குகிறேன்.

ஹோட்டல் மிச்சம் போடுகிறவர்கள், என்சைம் வெந்துவிடும் என்று பயந்து அதைக் காய்ச்சாமல் போட்டுவிடாதீர்கள். மிச்சத்தில் பன்றிக் காய்ச்சல் கிருமி வரலாம், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்தும் இல்லை. முதலில் நன்றாகக் கொதிக்கட்டும், ஆறிய பிறகு பொடியைப் போடுங்கள். கொஞ்ச நேரம் ஊறினால் தொட்டியிலேயே வேலை ஆரம்பித்துவிடும். டிசிபியைக் குறைப்பதற்கு முன் உங்கள் தீவனப் பட்டியலை மருத்துவரிடமோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிக் கேளுங்கள்.

குமார், உங்கள் டேப் முறையில் நாளைக் காலை என் எட்டுக் குட்டிகளையும் அளந்துவிட்டு எடையை இங்கேயே எழுதுகிறேன்.