பட்டுப்போன மரத்தில் சாம்பல் நிறக் கிளிகள், வெட்டலாமா?

தேவர்சோலைக்காரன்:
கூடலூர் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. பத்து நாளாக சில்வர் ஓக் மரங்களில் ஒரு கிளிக்கூட்டம், பன்னிரண்டு பதிமூன்று இருக்கும், காலையில் காது கிழியக் கத்திக்கொண்டு வந்து இறங்குகிறது. ஊர்ப்பக்கம் பார்க்கிற பச்சைக்கிளி இல்லை. உடம்பு புறா மாதிரி சாம்பல், இறக்கை நீலம், வால் நுனி மஞ்சள். சிலதுக்கு அலகு சிவப்பு, சிலதுக்குக் கறுப்பு. இரண்டும் வேறு வேறு கிளியா? அதில் ஒரு சோடி பட்டுப்போன மரத்தின் பொந்துக்குள் போய் வருகிறது. வியாழக்கிழமை அந்த மரத்தை வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது, அதுதான் அவசரம்.

பறவைப்பித்தன்:
தம்பி, முதலில் ஆளை நிறுத்துங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம். இரண்டும் ஒரே கிளிதான். நீலச்சிறகுக் கிளி, மலபார் கிளி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சிவப்பு அலகு ஆண், கறுப்பு அலகு பெண். ஆணுக்குக் கழுத்தின் கறுப்பு வளையத்துக்குக் கீழே நீலப்பச்சையாக ஒரு பட்டையும் மின்னும். இது கூடு கட்டாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பட்டமரம் போனால் வீடே போச்சு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டை வைக்கும் காலம்.

மிளகுக்கொடி:
எல்லாம் சரி, அந்த மரம் ஆள் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு?

நெலாக்கோட்டை அக்கா:
கேள்வி நியாயம்தான். வழியிலோ தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமோ சாய்ந்திருந்தால், பொந்து இல்லாத காய்ந்த கொப்புகளை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை விடுங்கள் தம்பி, குஞ்சு பறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தோட்டத்தில் முள்முருங்கை பூத்தால் போதும், கூட்டமாக வந்து தேனுக்காகப் பூவைப் பிய்த்து, நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் தரையெல்லாம் சிவப்பாக்கிவிடும். அத்தி பழுத்தால் அங்கே கச்சேரி. இன்னொன்று, குஞ்சை எடுத்துத் தாருங்கள் என்று யாராவது வருவார்கள், கொடுத்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி நம் காட்டுக்கிளி எதையும் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

தேவர்சோலைக்காரன்:
நன்றி அக்கா, அண்ணா. மரம் பள்ளத்துப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, அங்கே யாரும் போவதில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "விறகுக்கு என்ன செய்வாய்" என்று மட்டும் கேட்டார்.