ஹெச்4 பல்பை வீட்டில் மாற்றலாம் சரி, எதை மாட்டுவது?

சாலைவெளிச்சம்:
ஆல்டோ, பொலேரோ, பழைய வேகன்ஆர் மாதிரி ஹெச்4 பல்ப் (டிம், ஹை பீம் இரண்டும் ஒரே பல்பில் இருக்கும் வகை) வண்டி வைத்திருப்பவர்கள் ஹெட்லைட் பல்ப் மாற்ற ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்க வேண்டியதே இல்லை. பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படாத வேலை.

சாவியை எடுத்து, லைட் சுவிட்சை அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் பல்பை ஆறவிடுங்கள். பானட்டைத் திறந்தால் டூமின் (ஹெட்லைட் கூட்டின்) பின்புறம் மூன்று உலோக முனை கொண்ட கப்ளர் (ஒயரின் செருகி) தெரியும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கப்ளரின் உடம்பைப் பிடித்து லேசாக அசைத்து நேராகப் பின்னால் இழுங்கள். அடுத்து ரப்பர் பூட் (பல்பின் பின்புறத்தை மூடும் உறை), அதன் காதைப் பிடித்து உரித்தால் வரும். உள்ளே பல்பைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை முன்னால் அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும். புது பல்பை அடித்தகட்டில் மட்டும் பிடித்து, தகட்டின் மூன்று காதுகளில் அகலமானது மேலே வரும்படி உட்கார வைத்து, கிளிப், பூட், கப்ளர் என்று வந்த வழியே திரும்பினால் முடிந்தது.

திறந்ததுதான் திறந்தோம், 60/55 வாட்டுக்குப் பதில் (ஹை பீம் 60, டிம் 55) 90/100 (டிம் 90, ஹை பீம் 100) போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. தெருவிளக்கே இல்லாத கிராமச் சாலையில் குறுக்கே நிற்கும் மாட்டைப் பார்க்க கம்பெனி வெளிச்சம் போதாது.

ஓம்_விதி:
வீட்டில் மாற்றலாம் என்பதில் உங்களோடு இருக்கிறேன். 90/100 விஷயத்தில் கடுமையாக மாறுபடுகிறேன்.

55 வாட் என்பது 12 வோல்ட்டுக்கான கணக்கு. ஒரு பல்புக்கு 4.6 ஆம்பியர். 90 வாட் என்றால் 7.5 ஆம்பியர், ஹை பீம் 100 வாட்டுக்கு 8.3. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் இருப்பதால் உண்மையில் இன்னும் அதிகம். 10 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள வண்டியில் அது விளிம்பிலேயே நிற்கும். ஒயரிலும் கப்ளர் முனையிலும் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 4.6 எங்கே, 7.5 எங்கே? சூடு இரண்டரை மடங்குக்கு மேல். முதலில் கப்ளர் பழுப்பாகும், பிறகு அதன் உலோக முனை தளரும், தளர்ந்ததும் இன்னும் சூடாகும், கடைசியில் பிளாஸ்டிக் உருகி பல்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பல்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஹோல்டரையே வெட்டி மாற்ற வேண்டும்.

இன்னொன்று: அதே மெல்லிய ஒயரில் அதிக ஆம்பியர் போனால் வழியில் வோல்ட்டேஜ் இழப்பும் கூடும். 90 வாட் பல்புக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் முழு வெளிச்சத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை.

பட்டறைத்தம்பி:
ரெண்டு பேருமே பல்பைக் கழட்டி மாட்டுறதோட வேலை முடிஞ்சதா பேசுறீங்க. கழட்டி மாட்டுறது யாருக்கும் வரும் சார். வீட்ல மாத்தின வண்டிங்க பட்டறைக்கு எதுக்கு வருதுன்னு சொல்றேன்.

பல்ப் காது பள்ளத்துல சரியா உட்காராம, கிளிப்பை மட்டும் வலுக்கட்டாயமா மாட்டியிருப்பாங்க. டிம்ல போட்டாலும் வெளிச்சம் மரத்து உச்சிக்குப் போகும். எதிர்ல வர்றவன் கண்ணு கூசி ரோட்டை விட்டு இறங்குவான். அடுத்து ரப்பர் பூட். அதுல மேல் பக்கம்னு குறி போட்டிருக்கும், தலைகீழா மாட்டினா மூச்சுத் துளை மேலே வந்து தண்ணி இறங்கும். உள் விளிம்பு பல்ப் தகட்டுக்கு இறுக்கமா உட்காரலைன்னா மழைக்கு டூமுக்குள்ள ஈரம் கோத்து, ரிஃப்ளெக்டர்ல இருக்கிற வெள்ளி மாதிரிப் பூச்சு உரிஞ்சு போகும். அதுக்கப்புறம் எந்த பல்ப் போட்டாலும் வெளிச்சம் வராது, டூமையே மாத்தணும்.

கண்ணாடியில கை படக்கூடாதுன்னு சாலைவெளிச்சம் சார் தெளிவா எழுதல. விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கூடுதலா சூடாகி, குவார்ட்ஸ் கண்ணாடி அங்க வெளுத்து பலவீனமாகும். உள்ளே அழுத்தத்துல கேஸ் இருக்கு, வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. பட்டுட்டா மெடிக்கல்ல கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால துடைச்சு, காய்ஞ்சப்புறம் மாட்டணும்.

இதெல்லாம் சரியா செஞ்சாலும் ஃபோகஸ் பார்க்காம வண்டியை ரோட்டுக்கு எடுக்கக் கூடாது. அதுக்கு மெஷின் வச்சிருக்கிற இடத்துக்குத்தான் போகணும்.

ஓம்_விதி:
பூட் பற்றி நீங்கள் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஃபோகஸ் பார்க்க மெஷின் கட்டாயம் என்பதை ஏற்க மாட்டேன். சமதரையும் ஒரு சுவரும் இருந்தால் போதும்.

டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும். உயரம் மாற்றும் திருகு டேஷ்போர்டில் இருந்தால் அதைச் சுழியத்தில் வையுங்கள். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு பல்புகளின் மையத்துக்கும் நேராகச் சுவரில் குறி போடுங்கள். நேராகப் பின்னால் 10 மீட்டர் எடுங்கள். டிம் பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இது 1 சதவீதச் சரிவு. சில டூம்களின் மேல் 1.3 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், அதற்கு 13 சென்டிமீட்டர். இடம் 5 மீட்டர்தான் என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த விளிம்பு வலப்பக்கம் படுக்கையாகவும், மையத்திலிருந்து இடப்பக்கம் 15 பாகை மேலேறியும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை அளக்கும்போது மற்றப் பக்கக் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். துணி போட்டு மூடினால் சூட்டில் கருகும். டூமின் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள்.

பல்ப் சரியாக உட்கார்ந்திருந்தால் பழைய ஃபோகஸ் பெரிதாக மாறாது. நிறைய மாறியிருந்தால் திருகைத் தொடாமல் பல்பைக் கழற்றி மறுபடி மாட்டுவதுதான் சரி.

வெண்கதிர்:
இன்னும் ஹாலஜன் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே? ஹெச்4 அளவிலேயே எல்இடி பல்ப் கிடைக்கிறது. 25 வாட்டில் வேலை முடிகிறது. ஒயர் சூடாகாது, கப்ளர் உருகாது, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) தேவையில்லை. ஓம்_விதி சொன்ன எல்லாச் சிக்கலுக்கும் இது ஒரே தீர்வு. மாட்டும் முறையும் அதேதான். முதலில் தகட்டு வளையத்தைத் தனியாக டூமில் மாட்டிக் கிளிப் போட்டு, பூட்டைப் போட்டு, பிறகு பல்பை நுழைத்துத் திருப்பினால் போதும்.

பட்டறைத்தம்பி:
எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரியாமப் போறதுக்கு இன்னைக்கு பெரிய காரணமே இந்த எல்இடிதான் சார். பின்னாடி ஃபேன் இருக்கிறதால ரப்பர் பூட் மூட மாட்டேங்குது, நடுவுல வெட்டிடுறாங்க. டூமுக்குள்ள தூசியும் தண்ணியும் போகுது. மூடி போட்டு அடைச்சா ஃபேனுக்குக் காத்து இல்லாம சூடேறி, கொஞ்ச நேரத்துல தானே வெளிச்சத்தைக் குறைச்சுக்குது. மலிவான பல்பா இருந்தா எஃப்எம் ரேடியோவுல இரைச்சலும் வரும்.

ஓம்_விதி:
வெண்கதிர், வாட் கணக்கு சரிதான். ஆனால் ரிஃப்ளெக்டருக்கு வாட் எத்தனை என்று தெரியாது, வெளிச்சம் எந்தப் புள்ளியிலிருந்து பிறக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். ஹெச்4 பல்பின் டிம் ஃபிலமென்ட்டுக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல் பகுதியை மட்டும் வேலை செய்ய வைக்கும். சுவரில் விழும் அந்தக் கூர்மையான விளிம்பு இந்தக் கிண்ணத்தால் வருவது. எல்இடியில் சிப்புகள் தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பதால் ஒளி பிறக்கும் இடம் ஃபிலமென்ட் இருந்த இடத்திலிருந்து விலகுகிறது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே விளிம்பு கலங்கி, மேலே சிதறல் வரும். வண்டிக்கு மிக அருகில் தரை பளிச்சென்று தெரிவதால் ஓட்டுபவருக்கு நிறைய வெளிச்சம் இருப்பதாகத் தோன்றும். கண்மணி அதற்கேற்பச் சுருங்க, தூரத்தில் இருப்பது மங்கும்.

ஜெர்மனியில் 2020இல்தான் ஹாலஜன் இடத்தில் மாட்டும் எல்இடி பல்புக்கு முதல் அனுமதி கிடைத்தது. ஓஸ்ராம் நிறுவனத்தின் ஹெச்7 (ஒற்றை ஃபிலமென்ட் வகைக்கான) பல்ப் அது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். ஒரே பல்ப் ஒரு டூமில் ஒழுங்காகவும் இன்னொன்றில் சிதறலாகவும் விழும் என்பதுதான் காரணம்.

வெண்கதிர்:
சிதறல் எல்லா எல்இடிக்கும் ஒரே அளவு இல்லை. தகடு மெல்லியதாக, சிப் நீளம் ஃபிலமென்ட் அளவே இருக்கும் பல்புகள் உள்ளன. சிப்புகள் மேல் கீழாக இல்லாமல் இடம் வலமாகப் பார்க்கும்படி வளையத்தைத் திருப்பி மாட்டினால் விளிம்பு நன்றாகவே வரும். நீங்கள் சொன்ன சுவர்ச் சோதனையிலேயே பார்த்துவிடலாம். விளிம்பு கூர்மையாக விழுந்தால் வைத்துக்கொள்வது, கலங்கினால் திருப்பிக் கொடுப்பது. மொத்தமாக வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. மழைக்கும் மூடுபனிக்கும் 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை உதவாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சாலைவெளிச்சம்:
என் 90/100க்கு வருகிறேன். ஒயர் சூடு பற்றிய வாதம் ரிலே கிட் போடாதவர்களுக்கு. பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே ஃபியூஸ், டிம்முக்கு ஒன்று ஹைக்கு ஒன்று என்று இரண்டு ரிலே, செராமிக் ஹோல்டர். வண்டியின் பழைய கப்ளர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். எதையும் வெட்ட வேண்டியதில்லை. இதைப் போட்டபின் 90/100இல் என்ன குறை?

ஓம்_விதி:
மூன்று குறை. ஒயர் பிழைத்தாலும் டூமுக்குள் சூடு அப்படியே இருக்கிறது. அம்பாசடர் காலத்துக் கண்ணாடி முகப்பும் உலோக ரிஃப்ளெக்டரும் தாங்கின. இன்றைய பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரில் பல்புக்கு நேர் மேலே பூச்சு கருக்கும். இரண்டாவது, கண்கூச்சம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 106ஆவது விதி, 8 மீட்டர் முன்னால், விளக்குக்கு அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. 90 வாட் போட்டால் அந்தக் கண்ணுக்குப் போகும் சிதறலும் அதே விகிதத்தில் கூடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: உங்கள் ரிலே கிட்டில் 60/55 பல்பையே போட்டுப் பாருங்கள். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4ஆவது அடுக்குக்கு ஏற்ப மாறும். ஹெச்4 பல்பின் தர அளவான டிம் 1000, ஹை 1650 லூமன் 13.2 வோல்ட்டில் அளந்தது. கப்ளரில் 12 வோல்ட்தான் வந்தால் அதில் ஏறக்குறைய 28 சதவீதம் காணாமல் போகிறது. பலரும் பல்பைக் குறை சொல்வது இந்த இழப்பைப் பார்க்காமல்தான். அதே 60/55 வாட்டில் ‘கூடுதல் வெளிச்சம்’ என்று விற்கும் நல்ல பல்புகளும் உண்டு. ஆயுள் குறைவு, ஆனால் ஒயருக்குச் சுமை கூடாது. நீலப் பூச்சு பல்ப் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் பூச்சு வெளிச்சத்தைத் தின்கிறது.

சாலைவெளிச்சம்:
ரிலேயோடு 60/55 போட்டு முதலில் பார்க்கலாம் என்பதை ஏற்கிறேன். அதுவும் போதாத இருட்டுச் சாலைக்கு என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. என் பதில் இன்னும் 90/100தான், ஃபோகஸை இறக்கி வைத்துக்கொண்டு.

பட்டறைத்தம்பி:
ஃபோகஸை இறக்கினா தூரம் தெரியாது சார், பெரிய பல்ப் போட்டதே வீணாயிடும். இருட்டு ரோட்டுக்கு தனி ஸ்விட்ச்ல ஹை பீமோட மட்டும் எரியிற ரெண்டு டிரைவிங் லைட் போடுங்க, எதிர்ல வண்டி வந்ததும் டிம் அடிச்சா அதுவும் சேர்ந்து அணையணும். எக்ஸ்ட்ரா லைட் போடுறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல போக்குவரத்து விதி என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கோங்க.

ரிலே கிட் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. சில வண்டியில, குறிப்பா சில டொயோட்டாவுல, டிம், ஹை ரெண்டுக்கும் பொதுவான முனை பாசிட்டிவ், எர்த் பக்கம்தான் ஸ்விட்ச் ஆகும். சாதாரண கிட் அதுல வேலை செய்யாது. வாங்குறதுக்கு முன்னாடி கப்ளர்ல மீட்டர் வச்சுப் பாருங்க.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. ஒரு பக்கம் டிம் மட்டும் எரியலைன்னா பல்ப். ஒரே பக்கம் டிம், ஹை ரெண்டும் மங்கலா எரிஞ்சா எர்த். ரெண்டு பக்கமும் டிம் ஒரே நேரத்துல போச்சுன்னா பல்பைத் தொடாதீங்க, ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் பாருங்க. வெளிச்சம் கம்மின்னா என்ஜினை ஓடவிட்டு, டிம்மைப் போட்டு, கப்ளர் பின்பக்கம் மீட்டர் முனையை நுழைச்சு அளங்க. பேட்டரியில 13.8 இருந்து கப்ளர்ல 13.3க்குக் கீழ வந்தா, டூம் பக்கத்துல பாடியில போல்ட் போட்டிருக்கிற எர்த் ஒயரைக் கழட்டி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்குங்க. நிறைய வண்டியில அதுலயே சரியாயிடும். முகப்பு மஞ்சளா இருந்தா தண்ணி விட்டு 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாள் வரிசையா தேய்ச்சு, பாலிஷ் போட்டு, கடைசியா வெயில் தாங்குற கிளியர் கோட் அடிக்கணும். அதை அடிக்காம விட்டா சீக்கிரமே திரும்ப மஞ்சளாயிடும்.