திரும்ப வரும் பகுதி எதற்காக?

கேள்வி (குன்னூர்):
வணக்கம். பியானோ கற்றுவரும் என் மகள், பேத்தோவன் 1810இல் இயற்றிய ‘ஃபூர் எலிஸ்’ துண்டின் முதற்பகுதி மூன்று முறை வருவதைக் கண்டு, வாசித்ததையே ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்கிறாள். எப்படி விளக்கலாம்?

பதில் (உதகை):
அம்மா, இடையில் வருவனவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஏ மைனர் என்னும் சுர அமைப்பில் உள்ள முதற்பகுதிக்குப் பின், எஃப் மேஜர் என்னும் வேறொரு சுர அமைப்பில் ஒளி கூடுகிறது. அடுத்த இடைப்பகுதியில் இடக்கை ஒரே தாழ்ந்த சுரத்தை விடாமல் தட்டப் பதற்றம் ஏறுகிறது. இவற்றைக் கடந்து திரும்பும்போது, சுரம் மாறாத அதே மெட்டு நம் காதுக்கு வேறாக ஒலிக்கிறது. நம் கர்நாடக இசையிலும் இப்படித்தான்: கீர்த்தனையில் இரண்டாம் பகுதியான அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஸ்தாயியை, அதாவது உயர்ந்த சுரங்களை, நோக்கி ஏறுவதால்தான், தொடக்கப் பகுதியான பல்லவிக்குத் திரும்புவது அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

பதில் (கோத்தகிரி):
ஐயா சொன்னதோடு, கீர்த்தனையின் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளையும் சேர்க்க வேண்டும். சாகித்யம் (பாடல் வரி) அப்படியே நிற்க, மெட்டு மட்டும் படிப்படியாக விரிவதால், திரும்பச் சொல்வதற்குள்ளேயே வேறுபாடு பிறக்கிறது. எனக்கு இதுவே இன்னும் நுட்பமான கலையாகத் தோன்றுகிறது. நம் நீலகிரி மலையின் பழங்குடியினரான கோத்தர் இசையிலும் பறைகள் ஒரே தாளக்கட்டைச் சுழற்ற, அதன்மேல் ‘கொள்’ என்னும் ஊதுகருவி மெட்டை நகர்த்துகிறது. மகளை அதையும் கேட்கச் செய்யுங்கள்.