கருப்பைவாய்ப் பரிசோதனை: பாப் ஸ்மியரை விட்டு எச்.பி.வி.க்கு மாறுவது சரியா?

தேன்மொழி: கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுத்த நாடுகள் எச்.பி.வி. (அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) பரிசோதனைக்கு மாறுகின்றன. இடைவெளி ஐந்து வருடமாகிறது, மாதிரியையும் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. 2022 ஜனவரியில் பிரிட்டனின் வேல்ஸ் இப்படி இடைவெளியை நீட்டியபோது எதிர்ப்பு மனுவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. சரியாக விளக்கவில்லை என்று அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பே மன்னிப்புக் கேட்டது. அத்தனை பேரின் பயமும் வீணா?

மருதன்: பயம் நியாயம்தான், விளக்காதது பெரிய தப்பு. ஆனால் பாப் ஸ்மியர் ஏற்கெனவே மாறிவிட்ட செல்லைத் தேடுகிறது. எச்.பி.வி. சோதனை அதை மாற்றுகிற வைரஸையே தேடுகிறது. அந்த வைரஸ் தங்கிப் புற்றுநோயாக முற்ற, பொதுவாக 15 முதல் 20 வருடம் பிடிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடமே போதும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 3 முதல் 5 வருடம், மற்றவர்களுக்கு 5 முதல் 10 வருடம் என்று பிரித்துச் சொன்னது.

தேன்மொழி: சரி, இடைவெளியை ஒப்புக்கொள்கிறேன். சுயமாதிரியை ஒப்ப மாட்டேன். மருத்துவர் கருப்பைவாயிலிருந்து திரவக் குப்பியில் எடுத்தால், பாசிட்டிவ் வந்ததும் அதே குப்பியில் மீதியுள்ள செல்லை நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். சுயமாதிரியில் கிடைப்பது யோனிச் செல், அதை வைத்துக் கருப்பைவாயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மறுபடி ஸ்பெகுலம்தான் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி). அதற்குப் பயந்து ஒதுங்கியிருந்தவர் இரண்டாம் முறை மட்டும் வருவாரா?

ஆய்வகத்தான்: எல்லாரும் திரும்ப வரத் தேவையில்லையே. ஆஸ்திரேலியாவில் சுயமாதிரியில் புற்றுநோய்க்கு அதிகம் காரணமாகும் 16 அல்லது 18 வகை வைரஸ் இருந்தால் நேரே கால்போஸ்கோபி (கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது). மற்ற வகைகளுக்குத்தான் செல் மாதிரி கேட்கிறார்கள். எங்கள் கவலை வேறு. சுயமாதிரிக்கு பி.சி.ஆர். முறைக் கருவி (வைரஸின் மரபணுவைப் பல மடங்கு நகலெடுத்துத் தேடுவது) வேண்டும். அதில் மருத்துவர் எடுத்ததற்கு இணையாகப் பிடிக்கிறது. மரபணுவை நகலெடுக்காமல் சிக்னலை மட்டும் பெருக்கும் பழைய முறையில் பிடிப்பு குறைகிறது. மனித மரபணுவுக்கான உட்சோதனையும் இருக்க வேண்டும். அது இல்லாத கருவியில் செல்லே ஒட்டாத குச்சியும் 'நெகட்டிவ்' என்று வெளியே போகும்.

செவிலி_கனி: குச்சியில் செல் ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் எடுத்துக்கொடுக்கும் விதம்தான். கை கழுவி, ஒரு கால் தூக்கி வைத்து அல்லது குந்தி உட்கார்ந்து, ஸ்வாபை (மாதிரி எடுக்கும் குச்சி) இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, 20 விநாடி சுழற்றிவிட்டுக் குழாயில் போட்டு மூட வேண்டும். வாசலிலேயே தொட்டு எடுத்துவிடுகிறார்கள். நுனியில் விரல் படுகிறது, சிலர் மாதவிடாய் நாளிலேயே எடுக்கிறார்கள். குச்சியில் 'இதுவரை' என்று ஒரு கோடு போட்டுக் காட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ ரத்தம் பட்டது என்று சொல்கிறவர் கையில் மட்டும் ஸ்வாபைக் கொடுக்கவே கூடாது. அவருக்கு உடனே ஸ்பெகுலம் வைத்துப் பார்க்க வேண்டும்.

மருதன்: இன்னொன்று, முடிவுத் தாளில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் அடிக்காதீர்கள். அதைப் புற்றுநோய் என்றே படிக்கிறார்கள், கணவன் மேல் சந்தேகமும் வருகிறது. வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது. பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானே போய்விடும். இதையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும்.

தேன்மொழி: எழுதுங்கள். கூடவே கால்போஸ்கோபி தேதியையும் எழுதுங்கள். தேதி கொடுக்க ஆளும் கருவியும் இல்லாத இடத்தில் ஸ்வாப் விநியோகத்தைத் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

செவிலி_கனி: கால்போஸ்கோபி இல்லாவிட்டால் அசெட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, மாறிய செல் இருக்கும் இடத்தில் தெரியும் வெண்திட்டைப் பார்க்கலாம், தகுந்த திட்டாக இருந்தால் அன்றைக்கே சூட்டுச் சிகிச்சை (திட்டைச் சூட்டால் அழிப்பது) கொடுக்கலாம். அதற்காகத் தொடக்கத்தையே தள்ளிப்போட வேண்டியதில்லை.

தேன்மொழி: முப்பது, நாற்பது வயதினருக்குச் சரி. மாதவிடாய் நின்றவருக்குப் பார்க்கவேண்டிய இடமே கருப்பைவாய்க் குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அமிலம் தடவினாலும் கண்ணுக்குத் தெரியாது. அவர்களை எங்கே அனுப்புவீர்கள்?