ஒழுங்கை வீட்டார் குழு: நைற்றோ கார் (நைற்றோ எரிபொருளிலை றிமோட்டாலை ஓட்டுற சின்னக் கார்) எடுபடுதில்லை

தம்பி: மாமா, கார் ஸ்ரார்ட் ஆகுது, ஐடிலிலும் (கார் நகராமல் எஞ்சின் மட்டும் மெதுவா ஓடுறது) நிண்டு பிடிக்குது. திறொட்டிலைப் பிடிச்ச உடனை இழுபட்டு நூந்து போகுது. காபரேட்டரிலை ஹைஸ்பீட் ஊசியை (முழு வேகத்துக்கு எரிபொருள் அளவு வைக்கிற ஊசி) உள்ளுக்கு முறுக்கட்டோ?

சின்னமாமா: பொறு, ஒண்டையும் தொடாதை. எஞ்சின் சூடாகினதோ? குளிர் எஞ்சினிலை ஊசி வைச்சால், சூடேறினாப்பிறகு எல்லாம் மாறிப்போகும். நாலைஞ்சு நிமிஷம் ஓட விட்டிட்டுத்தான் திருப்புளி எடுக்கோணும்.

தம்பி: குளிரிலைதான் திருப்பினன். இப்ப எந்த ஊசி எங்கை நிக்குதெண்டே தெரியேல்லை.

அண்ணா: அப்ப கொம்பனி அளவுக்குக் கொண்டு போ. ஊசியை மெதுவா அடிமட்டும் முறுக்கு, பிறகு கையேட்டிலை சொன்ன சுற்று வெளியிலை எடு. அடியிலை இறுக்கிப் போடாதை, நுனி பழுதாப்போகும்.

சின்னமாமா: வலப்பக்கம், உள்ளுக்குத் திருப்பினால் எரிபொருள் குறையும், அது லீன். இடப்பக்கம், வெளியிலை எடுத்தால் எரிபொருள் கூடும், அது றிச். ஒரு தரத்துக்கு மணிக்கூட்டிலை ஒரு மணித்தியால அளவு (சுற்றிலை பன்னிரண்டிலை ஒரு பங்கு) மட்டும். திருப்பினால் ரெண்டு ஓட்டம் ஓடிப் பார்த்திட்டுத்தான் அடுத்தது.

அண்ணா: முதல் ஹைஸ்பீட் ஊசி, பிறகு லோஸ்பீட் ஊசி (மெதுவான வேகத்துக்கு எரிபொருள் அளவு வைக்கிறது), கடைசியா ஐடில் ஸ்குரூ. இந்த ஒழுங்கை மாத்தாதை.

தம்பி: புகை கனக்க வந்தால் பிழையோ?

சின்னமாமா: முழு வேகத்திலை மெல்லிய நீலப் புகைக் கோடு பின்னாலை தெரியத்தான் வேணும். மெதனோல், நைற்றோமீதேன், ஒயில் மூண்டும் ஒரே கலவையிலைதான் வருது. எரிபொருளைக் குறைச்சால் ஒயிலும் குறையும். லீன் எஞ்சின் சத்தம் காதுக்கு நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்கை பிஸ்ரனும் அது ஓடுற சிலீவும் உரஞ்சிக்கொண்டிருக்கும். புகை நிண்டால் உடனை வெளியிலை திருப்பு.

மேற்கு வீட்டு அண்ணை: சூட்டையும் பாக்கோணும். கிளோ பிளக்கடியிலை (எரிபொருளைப் பத்த வைக்கிற பிளக்) 95 இலிருந்து 120 பாகை செல்சியஸ் நல்லது. மானி இல்லாட்டி எஞ்சின் ஹெட்டிலை ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கோ. மூண்டு செக்கன் போலை கொதிச்சு வத்தினால் சரி. பட்ட உடனை தெறிச்சுப் பறந்தால் சூடு கூட. சும்மா கிடந்தால் றிச்.

தம்பி: சூடாக்கி ஓடினன் அண்ணை. புகைக் கோடு இருக்கு, தண்ணியும் மூண்டு செக்கன். ஆனா ஐடிலிலை இருந்து பிடிச்சால் இன்னும் நூருது.

அண்ணா: அப்ப ஹைஸ்பீட் சரி, அதை விடு. ஐடிலிலை விட்டு, காபரேட்டருக்குக் கிட்ட எரிபொருள் குழாயை நசுக்கிப் பிடி. வேகம் கொஞ்சம் ஏறி 2–3 செக்கனிலை நூந்தால் சரி. 5 செக்கன் தாண்டியும் ஓடினால் றிச்.

தம்பி: பிடிச்ச கையோடை நூருது.

சின்னமாமா: லோஸ்பீட் லீன். ஒரு மணித்தியாலம் வெளியிலை. ஹைஸ்பீட்டை உள்ளுக்கு முறுக்கியிருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

தம்பி: இப்ப எடுக்குது! ஆனா ஐடில் இறங்கிட்டுது.

சின்னமாமா: அது நியாயம், ஊசி றிச்சாக ஐடில் குறையும். ஐடில் ஸ்குரூவைக் கொஞ்சம் கூட்டு. காபரேட்டர் வாய் இடைவெளி 1 மில்லிமீற்றருக்குள்ளை நிக்கோணும்.

மேற்கு வீட்டு அண்ணை: ஐடில் தன்பாட்டிலை ஏறி இறங்கினால் ஊசியிலை மினக்கெடாதேங்கோ. காபரேட்டர் அடி, எஞ்சின் பின்தட்டு, எரிபொருள் தாங்கி மூடி எங்கையும் காத்துப் போகுதோ எண்டு பாருங்கோ. எங்கடை செம்மண் தூசிக்கு எயார் பில்டருக்கு ஒயில் பூசாமல் வெளிக்கிடவே கூடாது.

அண்ணா: மத்தியான வெக்கையிலை வைச்ச செற்றிங்கோடை மார்கழிக் காலமை முற்றவெளிக்குக் கொண்டு போகாதை. குளிர் காத்து அடர்த்தி, அதே ஊசி லீனாப்போகும். கொஞ்சம் வெளியிலை எடுத்திட்டு ஓடு.

சின்னமாமா: ஓடி முடிய தாங்கியை வெறுமையாக்கு. பிளக்கைக் கழட்டி ஆப்டர்-ரன் ஒயில் (ஓடி முடிய எஞ்சினுக்கு விடுற ஒயில்) நாலு சொட்டு விட்டு, சுத்திப் போட்டு, பிஸ்ரனைக் கீழை நிறுத்தி வை. மேலை நிண்டால் ஆறினாப்பிறகு இறுகும். மெதனோல் ஈரத்தை இழுக்கும், கானை உடனை மூடு. வெயிலிலை அதின்ரை நெருப்பும் கண்ணுக்குத் தெரியாது, சின்னனுகளை கிட்ட விடாதை.